சிரிக்க மாட்டான் என்று சொன்னேன்

மகனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அது எனக்கு மட்டுமில்லை, எங்கள் கம்பெனி பஸ்ஸில் வரும் ஐம்பது பேருக்கும் தெரியும். தனியாக அறை எடுத்து, நாளுக்கொரு சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் புத்தக அலமாரி தெரிய உட்கார்ந்து, உன் வீடியோ சேனலில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்துகிறாய். அந்த அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பாதி, ஸ்ரீபெரும்புதூரில் பழைய பேப்பர் கடையில் நான் பேரம் பேசி வாங்கி வந்தவை. அவற்றில் ஒன்றைக்கூட நீ முழுதாகப் படித்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ பாதி படித்துவிட்டு, "அம்மா மூட் சரியில்ல" என்று உன் அப்பாவுக்கு போன் செய்வாய். அவர் என்னைச் சமாதானம் செய்ய வருவார், நான் சோறு போட எழுந்து போவேன், விஷயம் முடிந்துவிடும். இந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாக எல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. இந்தத் தடவை முடியாது. நீ செய்தது ஊரறியச் செய்த காரியம், நான் சொல்வதும் ஊரறியத்தான். எங்கள் பஸ் குழுவிலும் போடுவேன், நீ நடத்தும் பாடக் குழுவிலும் போடுவேன். மூன்று வாரத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று உன் சித்தப்பா கேட்பார். கல்யாணம் வருவதால்தான் தேவை. இன்னொரு வீட்டுப் பெண் உன்னை நம்பி வரப்போகிறாள், நீ யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

வெளி ஆட்களும் படிப்பார்கள் என்பதால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு வல்லக்கோட்டையில். ஒரகடத்தில், காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனியில் பதினான்கு வருஷமாக வேலை செய்கிறேன். கதவு அளவுக்கு ஒரு போர்டு இருக்கும், அதில் கிளிப்புகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு ஒயரையும் அதனதன் கிளிப்பில் மாட்டி, டேப் சுற்றி இறக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டேதான். போன வருஷம் ஒரு புது மேனேஜர் வெளிநாட்டிலிருந்து வந்தார். ஷிப்ட் மாறும்போது, போகிறவள் வருகிறவளிடம் தன் போர்டைப் பற்றி நாலு வாக்கியம் இங்கிலீஷில் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். எத்தனை முடிந்தது, எது மீதி, எந்தக் கிளிப் சரியில்லை, எங்கே கை வைக்கக்கூடாது. லைன் லீடர் பக்கத்தில் நின்று கேட்டு டிக் அடிப்பாள். சொல்கிறவளும் தமிழச்சி, கேட்கிறவளும் தமிழச்சி, டிக் அடிக்கிறவளும் தமிழச்சி. ஆனாலும் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். முதல் மாதம் பாதிப் பேர் ஷிப்ட் முடிகிற மணி அடித்ததும் பாத்ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். நானும்தான். பத்தாவது படித்தவள் நான், அதுவும் எந்தக் காலத்திலோ படித்தது.

அப்போதுதான் நாங்கள் போனில் படிக்க ஆரம்பித்தோம். கம்பெனிக்குள் போனை விட மாட்டார்கள், கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். அதனால் போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம், பஸ்தான் எங்கள் பள்ளிக்கூடம். ஒரு வெள்ளைக்காரம்மா போர்டில் எழுதி எழுதி மெதுவாகச் சொல்லித் தருவார், அவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தால் பாதி புரியும், நாலு தடவை பார்த்தால் முக்கால்வாசி. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் ஒரு தளம் இருந்தது. சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. ஒரு அகராதிச் செயலி, தொட்டால் வார்த்தையைச் சொல்லும், எத்தனை தடவை தொட்டாலும் அலுக்காமல் சொல்லும். நாம் பேசினால் பதில் பேசுகிற ஒரு செயலியும் வந்தது. எல்லாம் இலவசம். நான் ஒரே வாக்கியத்தைப் பதினோரு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறேன், அந்த மிஷின் பதினோரு தடவையும் "மறுபடி முயற்சி செய்யுங்கள்" என்றுதான் சொன்னது. மிஷினுக்கு மரியாதை தெரியும் என்று நான் அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

என் பக்கத்து சீட்டில் ஒரு பெண் வருவாள். என் பக்கத்து போர்டிலும் அவள்தான். சாத்தான்குளம் பக்கம், இருபத்திரண்டு வயது, ஆறு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அவளைப் பற்றி எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, பேரை மட்டும் மாற்றச் சொன்னாள். அதனால் இங்கே இசக்கி என்று எழுதுகிறேன். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே விடுவேன். கேட்டுச் செய்வது என்று ஒரு வழக்கம் உலகத்தில் இருக்கிறது, நீ மறந்திருக்கலாம். இசக்கியும் நானும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு படித்தோம். அவள் மடியில் ஒரு நோட்டு இருக்கும். பஸ் குதிக்கிற குதியில் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகும், இறங்கிய பிறகு அறையில் உட்கார்ந்து அதையே திருப்பி எழுதுவாள். என்னைவிட வேகமாகக் கற்றாள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். "எழுதச் சொன்னா எழுதிருவேன்க்கா. பேசச் சொன்னாத்தான் ஒரு வார்த்த வர மாட்டேங்கு" என்பாள். லைனில் முணுமுணுத்து எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஏன் பேச்சு வர வேண்டும் என்பதையும் தெரிந்துகொள். அவள் காண்ட்ராக்ட் ஆள், பொங்கலோடு அவளுடைய காண்ட்ராக்ட் முடிகிறது. புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லித்தர எங்கள் லைனுக்கு ஒரு ட்ரெய்னர் எடுக்கிறார்கள். கை வேலையில் அவளை அடிக்க ஆளில்லை, அது எல்லோருக்கும் தெரியும். மூன்று பேர் முன்னால் நின்று ஐந்து நிமிஷம் இங்கிலீஷில் பேச வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. பேசிவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் அவளுக்காக என்ன வேலை காத்திருக்கிறது என்று கேட்டேன். "பீடி சுத்தலாம், இல்லன்னா கல்யாணம் முடிக்கலாம்" என்றாள். வேறு மூன்றாவது ஒன்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ போனில் பாடக் குழு ஆரம்பித்தாய். "அம்மா, உங்க லைன் ஆளுங்க எல்லாரையும் சேத்து வுடு. டெய்லி ஒரு லெசன் போடறேன். அவங்க வாய்ஸ் நோட்டா அனுப்பட்டும், நான் கரெக்ட் பண்ணித் தரேன்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் சீட் சீட்டாகப் போய்ச் சொன்னேன், என் பையன், என் பையன் என்று. நாற்பத்துமூன்று பேரைச் சேர்த்துவிட்டது நான். முதலில் ஒழுங்காகத்தான் செய்தாய், அதை மறைக்க மாட்டேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குக்கூட காலையில் பதில் போட்டிருப்பாய். நாலு பெண்கள் உன்னால் தேறினார்கள். அப்புறம்தான் உனக்குப் பார்வையாளர் பசி வந்தது. பாடம் போட்டால் இருநூறு பேர் பார்க்கிறார்கள், சிரிப்புப் போட்டால் இரண்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்று ஒருநாள் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது நீயே சொன்னாய். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன். அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கியை வீட்டுக்கு வரச் சொல்லி மீன் குழம்பு வைத்தேன். அவள் போனில் மைக் வேலை செய்யாது, அதனால் என் போனில் பேசி உனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. சமையலறையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் போனை அவள் முன்னால் நீட்டிக்கொண்டு, "பயப்படாம சொல்லுமா. கேக்கப்போறவன் எம்புள்ளதான், சிரிக்க மாட்டான்" என்றேன். பின்னால் குக்கர் விசில் அடித்தது. அவள் பேசினாள். ஒரு நிமிஷம், முழுதாக, நிறுத்தாமல். அவள் என்ன வார்த்தை போட்டுச் சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் படிக்கிறவர்களில் நாலு பேர் சிரிப்பார்கள். என்ன சொன்னாள் என்பதை மட்டும் சொல்கிறேன். கீழ் வரிசையில் ஒரு கிளிப் விரிசல் விட்டிருக்கிறது, மஞ்சள் ஒயரை மாட்டும்போது விரலைக் கிழிக்கும், பார்த்து மாட்டு, ரிப்பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் சொன்னாள். கேட்கிற யாருக்கும் புரியும். விரல் கிழிபடாமல் இருக்க அது போதும். பேசி முடித்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், விரலுக்குள் சிரிப்பு தெரிந்தது. அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ஒரே சத்தம். யாரோ ஒருத்தி போனைச் சத்தமாக வைத்து ஏதோ போட்டுக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு கம்பெனிப் பெண்ணின் கார்ட்டூன் பொம்மை, வாயைக் கோணிக்கொண்டு பேசுகிறது. மேலே "ஒரகடம் இங்கிலீஷ்" என்று எழுதியிருக்கிறது. விரிசல் விட்ட கிளிப்பைப் பற்றி இசக்கி பேசிய வாக்கியத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பி ஓட்டியிருந்தாய். அது யார் குரல் என்று பஸ்ஸில் ஒருத்திக்கும் பிடிபடவில்லை, ஏனென்றால் இசக்கி சத்தமாகப் பேசி யாரும் கேட்டதே இல்லை. அவள் என் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். கடவுளே, இப்படியே போய்விடட்டும் என்று நினைத்தேன். அப்புறம் அதன் முடிவு வந்தது. குக்கர் விசில், கூடவே என் குரல். "கேக்கப்போறவன் எம்புள்ளதான், சிரிக்க மாட்டான்." அந்த இடத்தில் நீ ஒரு கழுதை கத்துகிற சத்தத்தைச் சேர்த்திருந்தாய். பதினான்கு வருஷமாக அந்த பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசுகிறவள் நான். என் குரல் தெரியாதவர்கள் அதில் கிடையாது. முதலில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் பக்கத்தில் பார்த்தார்கள். அவளை அடையாளம் காட்டிக் கொடுத்தது என் குரல்தான்.

அன்று சாயங்காலம் உனக்குப் பேசியிருக்கிற பெண் அதே வீடியோவை எனக்கு அனுப்பினாள். "அத்தை, இது பாத்தீங்களா, செம காமெடி, சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு" என்று எழுதியிருந்தாள். அது வருங்கால மாமியார் குரல் என்று அவளுக்குத் தெரியாது, பாவம். நீ சொல்லவில்லை. அவளிடம்கூட சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உடனே உனக்கு போன் போட்டேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவில் இருக்கிறது.

"மூஞ்சி காட்டலம்மா, பேரு சொல்லல. யாருக்குத் தெரியப் போவுது?"

"பஸ்ஸுல அம்பது பேருக்குத் தெரிஞ்சுபோச்சுடா."

"நாலு பேரு அத பாத்து அந்த மிஸ்டேக்க திருத்திப்பாங்க இல்ல? அது ஒரு லெசன்தான்மா. அந்தப் பொண்ணுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடறேன், வுடு."

"என் கொரல ஏன்டா வச்ச?"

"அதுதான்மா பன்ச்சே" என்றாய்.

நாலு நாள் கழித்து எடுத்துவிட்டேன் என்று தகவல் அனுப்பினாய். எடுத்து என்ன பிரயோஜனம், பஸ்ஸில் ஆளாளுக்கு ஒரு காப்பி வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில்கூட ஓடுகிறதாம். கேண்டீனில் சாம்பார் ஊற்றுகிறவன் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே ஊற்றுகிறான்.

உன்னை இப்படி வளர்த்தது யார் என்று ஊர் கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நான்தான். மூன்றாம் வகுப்பில் உன்னை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றியபோது, வீட்டிலும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு மணி வரை இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று நான் உத்தரவு போட்டேன். எனக்கும் உன் அப்பாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதனால் ஒரு வருஷம் அந்த இரண்டு மணி நேரமும் இந்த வீட்டில் மூன்று பேரும் வாயே திறக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டுவாய். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது, என்ன கொடுமை பார். பேசினால் தப்பு வரும், தப்பு வந்தால் கேவலம், அதற்குப் பேசாமலே இருந்துவிடலாம் என்று உனக்கு முதல் பாடம் நடத்தியது எந்த வாத்தியாரும் இல்லை.

அடுத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ ஆறாவது படிக்கும்போது பெற்றோர் கூட்டத்துக்கு வந்தேன். உன் வகுப்பு மிஸ் என்னைப் பார்த்ததும் சிரித்தார், கையால் உட்காரச் சொன்னார், ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார். உன் மார்க்கை எழுதிக் காட்டினார், கட்டைவிரலைத் தூக்கி "சூப்பர்" என்று ஜாடை செய்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பக்கத்து அம்மாவிடம் அவர் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. பாவம், வாய் பேச முடியாதவராம். திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் வாயில் இங்கிலீஷ் வராது என்பதை மறைக்க, எனக்கு வாயே இல்லை என்று மிஸ்ஸிடம் நீ சொல்லியிருக்கிறாய். நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். பத்தாவது முடிகிற வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஊமையாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். கடைசி நாளில் அந்த மிஸ் என்னைக் கட்டிப்பிடித்து, இந்தக் குறையோடு பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறீர்கள் என்று கண்கலங்கினார். நன்றி என்று சொல்ல நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். வீட்டில் உன் அப்பாவிடம் சொன்னபோது, "புள்ள வெவரமாத்தான் கீறான்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு உன் முதுகில் நாலு வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் இசக்கிக்கு இது நடந்திருக்காது என்று இப்போது தினமும் நினைக்கிறேன்.

அந்த வாரம் முழுக்க இசக்கி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. சனிக்கிழமை அவள் அறைக்குப் போனேன். மற்றப் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். என் மகனை அழைத்து வந்து உன் முன்னால் நிறுத்துகிறேன் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "அவுக வர வேண்டாம்க்கா. வந்தா மறுபடியும் எல்லாரும் என்னையத்தான் பாப்பாவ" என்றாள். மடித்ததை அடுக்கிவிட்டு, "அவுக சிரிச்சதுகூட பெருசில்லக்கா. யாருன்னே தெரியாதவுக, சிரிச்சா சிரிச்சிட்டுப் போட்டும். நீங்க சொன்னியளேன்னு பேசுனேன்" என்றாள். எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்து வரவும் முடியவில்லை. அவள் எனக்கு டீ போட்டுத் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது ஷிப்ட் மாறும்போது அவள் பேசுவதில்லை. எதிரே வருகிறவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாள். விரிசல் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். லைன் லீடர் பரிதாபப்பட்டு டிக் அடித்துவிடுகிறாள். நோட்டை பஸ்ஸில் எடுப்பதில்லை. வியாழக்கிழமை ட்ரெய்னர் தேர்வு. பேர் கொடுத்தவர்கள் பட்டியலிலிருந்து தன் பேரை அடிக்கச் சொல்லிவிட்டாள். அடிக்காதே என்று லைன் லீடரிடம் நான் கெஞ்சி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் இலக்கணம் படிக்கிறவர்கள் இதைப் படிப்பார்கள் இல்லையா, அவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் நல்ல பாடம் கொட்டிக் கிடக்கிறது, காசு கொடுக்காமலே கிடைக்கிறது. அந்த வெள்ளைக்காரம்மாவைப் பாருங்கள், கோடிட்ட இடத்தை நிரப்புங்கள், மிஷினோடு பேசுங்கள். உங்கள் குரலை மட்டும் யாரிடமும் கொடுக்கும் முன்னால் பத்து தடவை யோசியுங்கள். என் மகனிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவனுக்கு இலக்கணம் தெரியும், நான் மறுக்கவில்லை. வாய் திறக்கப் பயப்படுகிறவள் முதல் தடவை வாய் திறக்கும்போது பக்கத்தில் இருக்கத் தகுதியில்லாதவன் அவன். பெற்றவள் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உனக்கு. போன திங்கட்கிழமை நானும் ட்ரெய்னர் தேர்வுக்குப் பேர் கொடுத்துவிட்டேன். லைன் லீடர் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு இன்னாத்துக்குக்கா இந்த வேல? அங்க இங்கிலீஷ்ல பேசணும்க்கா." "பேசத்தான் போறேன், எழுதிக்கோ" என்றேன். எனக்கு அந்த வேலை கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். இசக்கியின் பேருக்கு முன்னால் என் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் ஒருத்தி உள்ளே போய், தப்புத் தப்பாகப் பேசிவிட்டு, ஒன்றும் ஆகாமல் வெளியே வர வேண்டும். பஸ்ஸில் அவளிடம் இதைச் சொன்னேன். கம்பெனி வருகிற வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "உள்ள எத்தன பேருக்கா இருப்பாவ?" என்று கேட்டாள். மூன்று பேர் என்றேன். "மூணு பேருதானா" என்றாள். வருவாளா மாட்டாளா, எனக்குத் தெரியாது.

தேர்வு அறைக்குள் போனை விட மாட்டார்கள். அதனால் வியாழக்கிழமை காலை பஸ்ஸிலேயே, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஐம்பது பேரைப் பார்த்து நின்றுகொண்டு, அந்த ஐந்து நிமிஷப் பேச்சை இங்கிலீஷில் பேசப்போகிறேன். பின்சீட்டுப் பெண்கள் வீடியோ எடுப்பார்கள், நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனை லாக்கரில் பூட்டும் முன்னால் அது உனக்கு வந்து சேரும். உன் சேனலில் போடு. பொம்மை வேண்டாம், என் மூஞ்சியே இருக்கட்டும். எத்தனை தப்பு என்று எண்ணிப் போடு, எங்கே வேண்டுமோ அங்கே கழுதையைக் கத்த விடு, எனக்கு ஒன்றும் ஆகாது. அதற்குக் கீழே, பேசுகிற இவள் என் அம்மா என்று ஒரு வரி எழுது. உன் கைப்பட, ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி எழுது. எழுதாத வரை உன் கல்யாணத்தில் நான் இல்லை. எழுதிய பிறகு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, என் வீட்டுக்கு வந்து, எனக்குக் கல்யாணப் பத்திரிகை கொடு.